வாடாவுக்கும் வராதடாவுக்கும் நடுவில்

லைட் எரியுமாம். வந்ததிலிருந்து இந்தக் கடைக்கார அக்கா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. "ரெண்டு காதுப் பக்கமும் கலர் கலரா எரியும் தம்பி. கேம் ஆடுற பசங்க எல்லாம் இதத்தான் எடுக்குறாங்க." நான் கேட்டேன், "அக்கா, அத நான் காதுல மாட்டியிருக்கப்ப லைட்டு யாருக்குத் தெரியும்?" "எதுத்தாப்புல இருக்கவங்களுக்கு." "எனக்கு எதுத்தாப்புல சுவருதான்க்கா இருக்கு." சிரிச்சிட்டு அடுத்த பெட்டிய எடுக்கக் குனிஞ்சாங்க. சட்டையில குத்தியிருந்த அட்டையில அமுதவல்லின்னு போட்டிருந்துச்சு. நல்லவங்கதான். ஆனா எனக்கு லைட் வேணாம், காதுக்குப் பஞ்சு வேணாம், நெஞ்சு அதிர்ற பேஸ் வேணாம். எனக்கு ஒரு வார்த்தை முழுசா கேக்கணும், அவ்வளவுதான். நேத்து சாயங்காலம் எங்க அக்கா கேம்ல இருந்து கிசுகிசுன்னு என்கிட்ட ஒண்ணு சொன்னா. வாடான்னு சொன்னாளா, வராதடான்னு சொன்னாளா. என் காதுல விழுந்தது ஒரு வ. அப்புறம் ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரு டா. அந்த ஒண்ணுமில்லாத எடத்துல என்ன இருந்துச்சுன்னு தெரியாம நான் நேத்துல இருந்து சோறு இறங்காம திரியறேன். இத ஒரு கடையில எப்படிக் கேக்குறது? நடு எழுத்து கேக்குற மாதிரி ஒரு ஹெட்போன் குடுங்கன்னா?

சுகப்பிரியா எங்க அக்கா. கட்டிக் குடுத்தது இதே ராஜபாளையத்துல, இந்தக் கடைக்குப் பின்னாடி ரெண்டு தெரு தள்ளி. மச்சான் சூரத்துல துணிக் கம்பெனியில இருக்காரு, அவ மட்டும் மாமனார் மாமியாரோட இங்க. முன்னெல்லாம் போன் பண்ணா எடுப்பா, எடுத்த உடனே பக்கத்துல இருந்து அவ மாமியார் குரல் வரும், "ஸ்பீக்கர்ல போடும்மா, நாங்களும் நாலு வார்த்தை விசாரிக்கிறோம்." எவ்வளவு அன்பா சொல்லுவாங்க தெரியுமா. சாப்டீங்களா, மழை உண்டா, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி. அக்கா அந்த விசாரிப்புக்கு நடுவுல உக்காந்து ஆமா, சரி, நல்லாருக்கேன். எங்க அம்மாவுக்கு அதுவே போதும். "பாத்தியா, எவ்வளவு பாசமா பேசுறாங்க." எனக்கு மட்டும் அந்த நல்லாருக்கேன நம்ப முடியல. அப்புறம்தான் கேம். அவ கொழுந்தன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனப்ப ஒரு பழைய போன வீட்டுல போட்டுட்டுப் போயிட்டான். அதுல சிம் கிடையாது, வைஃபை மட்டும்தான். சிம் இல்லாத போன் அவங்களுக்குப் போனே இல்ல, பொம்மை. அதுல அக்கா கேம் ஆடுறா, பொழுது போகட்டும்னு விட்டுட்டாங்க. வேட்டைமாரின்னு ஆம்பளப் பேரு வச்சிருக்கா. கேம்ல என் பேரு டொக்கு. நாலு பேரு ஆட வேண்டிய டீம்ல நாங்க ரெண்டே பேரு. அந்த போன்ல கீழ்ப்பாதி டச் செத்துப்போச்சு, அதனால அவளுக்கு ஓட வராது, டைப் அடிக்கவும் வராது. இறங்கின எடத்துல மரம் மாதிரி நிப்பா, எவனாவது வந்து சுட்டுட்டுப் போவான். நான் ஸ்டார்ட் குடுப்பேன், அவ நிப்பா, செத்துப்போவா, மறுபடியும் ஸ்டார்ட் குடுப்பேன். நடுவுல பேசுவோம். மாமியார் கோயிலுக்குப் போற அந்தக் கொஞ்ச நேரம். மாமனார் முன்வாசல் நாற்காலியிலேயே இருப்பாரு, அவருக்குக் கேக்கக்கூடாதுன்னு கிசுகிசுப்பா. "ப்ரோ"ன்னுதான் கூப்பிடுவேன் அவள. அக்கான்னு வாய் வந்துட்டா ஆபத்து. கூடப் பொறந்தவள ப்ரோன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்ப வீட்டுல அவ போட்டோவப் பாத்தாக்கூட அப்படித்தான் வருது.

"இது பாரு தம்பி, நாய்ஸ் கேன்சல்." அமுதவல்லி அக்கா கறுப்பா ஒண்ண எடுத்து வச்சாங்க. எனக்கு அந்தப் பெட்டியப் பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. இதே மாடல்தான். தீபாவளிக்கு எங்க அக்கா ஊருக்கு வந்தப்ப நான் குடுத்தது. என் ஃப்ரெண்டு ஒருத்தன், அக்காவுக்குன்னா இதுதான்டா பெஸ்ட், மிக்ஸி சத்தம், ஃபேன் சத்தம், எல்லாத்தையும் வெட்டிட்டுக் குரல மட்டும் அனுப்பும்னான். நானும் பெருமையா குடுத்தேன். "டெஸ்ட் பண்ணலாமாக்கா?" "தாராளமா." என் போன்ல சொருகி, ரெகார்ட் போட்டு, மைக்க வாய்கிட்ட இழுத்தேன். கடையில ரெண்டு பேரு நிக்கிறாங்க, ஒருத்தர் சார்ஜர் வாங்குறாரு. எல்லாரும் மைக் டெஸ்ட்னா ஹலோ ஹலோம்பாங்க. நான் திரும்பி, கண்ணாடி அலமாரியப் பாத்துக்கிட்டு, அவ பேசுற மாதிரியே மூச்ச அடக்கி, வாடா. கொஞ்சம் விட்டு, வராதடா. போட்டுக் கேட்டேன். வ, டா. வ, டா. ரெண்டும் ஒண்ணு. மறுபடியும் பேசினேன். இன்னும் மெதுவா. இந்தத் தடவ வ கூட இல்ல. அப்படியே ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு. "சத்தமா பேசு தம்பி. குசுகுசுன்னா அது ஃபேன் காத்துன்னு நெனச்சு வெட்டிரும். அதுக்கு என்ன தெரியும்?" அதுக்கு என்ன தெரியும். ஆமா. கிசுகிசுன்னா குரல் இல்ல, காத்துதான். அது தன் வேலையச் சரியாத்தான் பாத்திருக்கு. எங்க அக்கா தீபாவளியில இருந்து என்கிட்ட எவ்வளவு சொல்லியிருப்பா, எதெல்லாம் ஃபேன் காத்தாப் போச்சோ. ஒரு நாள் ரொம்ப நேரம் ஒண்ணுமே கேக்கல, நான், "ப்ரோ, லைன்ல இருக்கியா?"ன்னு கத்துனேன். "இருக்கேன்"னு மட்டும் வந்துச்சு. அந்த ரொம்ப நேரம் அவ சும்மாவா இருந்தா? இல்ல ஒரு கதையே சொல்லி முடிச்சாளா? நான் அதுக்கு, "சரி ப்ரோ, ஸ்டார்ட் குடுக்கறேன்"னு சொன்னேன். அய்யோ.

பொங்கலுக்கு மச்சான் வந்திருந்தாரு. அம்மா அப்பா நான் மூணு பேரும் பொங்கப்படிச் சீரு குடுக்க வந்தோம். அக்கா தண்ணி கொண்டுவந்தா. முழங்கை தாண்டிக் கை நீளமா ப்ளவுஸ். அந்த உச்சி வெயில்ல. அம்மா அத தொட்டுப் பாத்து, "நல்லாருக்கே டிசைன், எங்க தச்ச?" அக்கா என்னப் பாத்தா. தம்ளர் வாங்குறப்ப அந்தக் கை கொஞ்சம் மேல ஏறுச்சு. நீலமா, விளிம்புல மஞ்சளா. என்னன்னு கண்ணாலேயே கேட்டேன். "கதவு இடிச்சிருச்சு"ன்னா, நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே. கேக்காத கேள்விக்குப் பதில். வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட சொன்னேன். எங்க அப்பா அதிர்ந்து பேசாத ஆளு, ஆனா மாசி பொறந்ததும் தனியா இங்க வந்தாரு. வந்து, நாற்காலியில உக்காந்து, காப்பி குடிச்சு, "புள்ள கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருக்கட்டும்"னு கேட்டிருக்காரு. அவங்களும் சிரிச்சுப் பேசி, பழம் குடுத்து அனுப்பிட்டாங்க. "யோசிச்சுச் சொல்றோம் சம்பந்தி." அதுக்கு மறுநாள்தான் அக்காவோட சொந்த போன் மாமியார் பீரோவுக்குப் போச்சு. அன்னிக்கு கேம்ல வந்து சொன்னா, இது கேட்டுச்சு, ஏன்னா அழுதுகிட்டே சொன்னா, அழுகைய மைக் வெட்டல: "அப்பாவ யாருடா வரச் சொன்னது? மாமா தட்டத் தூக்கி எறிஞ்சாரு. சூரத்துக்கு போன் போட்டாங்க." இப்ப அதோட முடிவுதான் வந்திருக்கு. நேத்து சொன்னா, பாதி கேட்டுச்சு, பாதிய நான் ஒட்ட வச்சேன். இன்னிக்கு ராத்திரி விடிஞ்சா மச்சான் வர்றாரு. அவளக் கூட்டிக்கிட்டு சூரத். அங்க வைஃபை இருக்குமா, கேம் இருக்குமா, யாரு கண்டா. எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையத்துக்கு நான் பைக்குல வந்துருவேன். சூரத்துக்கு? நான் பதினொண்ணாம் வகுப்போட நின்னவன், பால்கோவா கடையில டப்பா ஒட்டுறவன், எனக்கு சூரத் எந்தப் பக்கம்னே தெரியாது. அதனாலதான் நேத்து கேட்டேன், "நாளைக்கு நான் வரட்டுமா?" அவ சொன்னா, வ. டா. என்னன்னு மறுபடி கேக்கறதுக்குள்ள அவ பேருக்குப் பக்கத்துல இருந்த பச்சப் புள்ளி அணைஞ்சிருச்சு.

வாடாவா இருந்தா நான் இந்நேரம் அங்க நிக்கணும். வராதடாவா இருந்து நான் போய் நின்னா, அப்பா வந்துட்டுப் போன கதைதான், அதவிட மோசமா, ஏன்னா நாளைக்கு அந்த ஆளே நேர்ல வர்றான். நான் போட்ட பெட்ரோலுக்கு அவ அடி வாங்குவா. இப்படி ஒரு மொழி. வேண்டாம்ங்கறத வார்த்தைக்கு முன்னாடியே ஒரு தடவ சொல்லிட்டா என்ன? வா-வுக்கும் வராத-வுக்கும் தொடக்கம் ஒண்ணு, முடியறப்ப டா ஒண்ணு, உயிரு போற விஷயம் மட்டும் நடுவுல போய் ஒளிஞ்சுக்குது. "இத மாட்டிப் பாரு தம்பி, இதுல எந்த கேன்சலும் கிடையாது. சும்மா பழைய மாடல். ஒயர் பின்ல மூணு கோடு இருக்கு பாரு, அப்பத்தான் மைக் வேலை செய்யும்." அசிங்கமா இருந்துச்சு, தடியா, சாம்பல் கலர்ல. மாட்டி, ரெகார்ட் போட்டு, கிசுகிசுத்தேன். வாடா. வராதடா. போட்டா, அப்பா! எல்லாம் இருக்கு. வா இருக்கு, ரா இருக்கு, த இருக்கு. பின்னாடி சார்ஜர்காரர் பேரம் பேசுறது, பஸ் ஹாரன், அமுதவல்லி அக்கா வளையல், எல்லாமே இருக்கு, ஆனா அதுக்கு நடுவுல என் வராதடா முழுசா உக்காந்திருக்கு. எனக்கு அப்படியே கத்தணும்போல இருந்துச்சு. அப்புறம் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. இது என் காதுல இருந்து என்ன பண்றது? எழுத்தத் திங்கறது அவ மைக்கு. இது அவ வாய்கிட்ட இருக்கணும். அவகிட்ட குடுக்கணும்னா நான் அங்க போகணும். போகலாமா வேணாமான்னு தெரிஞ்சுக்கத்தான் மைக்கே. இப்படியே சுத்திச் சுத்தி வருது, தலை கிறுகிறுன்னு. யார்கிட்டயாவது குடுத்து அனுப்பலாமா? யாரு? கொழுந்தனுக்குன்னு பார்சல் போட்டா? நாளைக்குள்ள எப்படிப் போகும்? "என்ன தம்பி, லவ்வா?" அமுதவல்லி அக்கா கண்ணாடி மேல முழங்கைய ஊணிக்கிட்டுக் கேட்டாங்க. "வாடா வராதடான்னு பேசிக்கிட்டே இருக்க. வரச் சொல்றதா, வேணாங்கறதா, முடிவு பண்ணிட்டு மைக் வாங்கு." நான் முறைச்சேன். முறைச்சதுக்கு அப்புறம் பாவமா இருந்துச்சு. அவங்களுக்கு என்ன தெரியும். அதுசரி, நான் ஏன் இவ்வளவு தூரம் வந்தேன்? ஹெட்போன் எங்க ஊர்ல கிடைக்காதா? பஜார்ல நாலு கடை இருக்கு. அம்மாகிட்ட விருதுநகர் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து, ரெண்டு தெரு தள்ளி நின்னுக்கிட்டு, மைக் பாக்கறேன், மைக் பாக்கறேன்னு எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன். உள்ள போற தைரியமும் இல்ல, திரும்பிப் போற தைரியமும் இல்ல. ரோட்டுல ஒரு பச்சச் சேலை போச்சு, மாமியாரோன்னு சட்டுனு குனிஞ்சேன். யாரோ. பாத்தா என்ன சொல்லுவேன்? "அத்தை, ஹெட்போன் வாங்க வந்தேன்." "அடடா, வாங்க தம்பி, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்." அந்தக் காப்பிக்கு அவ என்ன விலை குடுப்பான்னு யாருக்குத் தெரியும்.

போன் உறுமுச்சு. வேட்டைமாரி ஆன்லைன். இப்பவா? இன்னும் கோயில் நேரம் ஆகலையே. சாம்பல் ஹெட்போன் காதுலதான் இருக்கு, கேம தொறந்தேன், விரல் வழுக்குது, வியர்வை, சட்டையில துடைச்சிட்டு மறுபடி தொட்டேன். லாபி வந்துச்சு. மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பொம்மையும் துப்பாக்கி புடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிற எடம். அவ பொம்மை, என் பொம்மை. "ப்ரோ"ன்னேன். அவ வீடு கேக்குது. குக்கர் சத்தத்த அவ மைக் வெட்டுது, பாதி விசில் வந்து நிக்குது. டிவி. அப்புறம் ரொம்பக் கிட்டக்க, மைக்குக்குப் பக்கத்துலயே, அந்தக் குரல். "யாருகூடம்மா?" மாமியார். கோயிலுக்குப் போகல. பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. வால்யூம முழுசா ஏத்துனேன். இன்னிக்கு அவ கிசுகிசுக்கக்கூட முடியாது. முடிஞ்சு போச்சு. அக்கா சொன்னா, "கேம் அத்தை. யாரோ காலேஜ் பசங்க." சாதாரணமா, சத்தமா. நான் அவ அப்படி சத்தமா பேசிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. அப்புறம் அதவிடச் சத்தமா, கேம்ல எல்லாப் பசங்களும் கத்துவானுங்களே அந்த மாதிரியே, "டேய் டொக்கு, கேக்குதா? வீட்டுக்குள்ள எனிமி ரெண்டு பேரு. ஒருத்தன் முன்வாசல்ல உக்காந்திருக்கான், அந்தப் பக்கம் வந்துராத. பின்பக்கம் க்ளியரா இருக்கு. வண்டி எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் வா. இப்பவே வாடா." ஒரு எழுத்து வெட்டுப்படல. வந்துராத-ல த கூட வந்துச்சு. கத்துனா அது மனுஷக் குரல்னு அந்த எந்திரத்துக்குத் தெரியும், முழுசா அனுப்பும். மாமியார் சிரிக்கறாங்க. "பட்டாளத்துல இருக்கறவ மாதிரில்ல கத்துற."

நான் ஸ்க்ரீனப் பாத்தேன். வீடு எங்க? எனிமி எங்க? ரெண்டு பொம்மை நிக்குது. நான் இன்னும் ஸ்டார்ட் குடுக்கவே இல்ல. லாபியில வீடு கிடையாது, வாசல் கிடையாது, வண்டி கிடையாது. பின்பக்கம்னா எந்தப் பின்பக்கம்னு எனக்குத் தெரியும், கல்யாணத்தப்ப முன்வாசல்ல கட்டில் நுழையலன்னு நானும் அப்பாவும் சுத்திக்கிட்டுப் போய் அந்த ஓடைச் சந்து வழியாத்தான் இறக்கினோம். என்ன சொல்றது இப்ப, எப்படிச் சொல்றது, அவ காதுல மட்டும் கேக்குதா, ஸ்பீக்கர்ல போட்டிருக்காளா, அந்த அம்மாவும் கேக்கறாங்களா, தெரியல. "ஓகே ப்ரோ"ன்னேன். குரல் உடைஞ்சுச்சு, இருமி மறைச்சேன். "வண்டி எடுத்தாச்சு. சந்து வழியா வர்றேன். ரெண்டு நிமிஷம் தாக்குப் புடி." சட்டைப் பையில இருந்த பணத்த அப்படியே மேசையில வச்சேன். "தம்பி, பெட்டி, பில்லு," அமுதவல்லி அக்கா கையில பெட்டியோட நிக்கறாங்க, என் மூஞ்சியப் பாத்தாங்க, கேக்க வந்தத கேக்காம வழிய விட்டு நகந்துட்டாங்க. போன பையில போட்டுக்கிட்டு, ஹெட்போன் தலையிலயே, ஒயர் கழுத்துல இடிக்க, வெளிய வந்து சாவியத் திருகுனா முதல் உதையில எடுக்கல. ரெண்டாவதுக்கும் எடுக்கல. காதுக்குள்ள குக்கர் பாதி விசில் அடிக்குது. நாற்காலி நகர்ற சத்தம். "எங்கம்மா எந்திரிச்சுப் போற?" "உள்ள சிக்னல் சரியா வரல அத்தை, பின்னாடி கொல்லையில நின்னு ஆடுறேன்." செருப்புச் சத்தம். மாமியார் அங்க இருந்தே கேக்கறாங்க, ஆசையாவே கேக்கறாங்க, "ஜெயிச்சிருவீங்களா?" வண்டி எடுத்துக்கிச்சு. அந்த இரைச்சலுக்கு நடுவுலயும் கேட்டுச்சு. ஒரு தாழ்ப்பாள் இழுபடுற சத்தம், அப்புறம் எங்க அக்கா.

"தெரியல அத்தை."